உப்பக்கா மகளின் பெயர்

அந்தப் பள்ளிக்கூடத்தில் உப்பக்காவிடம் திட்டு வாங்காமல் படித்து முடித்தவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, வேதியியல் எடுக்காதவர்கள். இன்னொன்று, அவள் விடுப்பில் இருந்த நாளில் மட்டும் லேப்புக்கு வந்தவர்கள். அவளோ இருபத்திரண்டு வருஷத்தில் மொத்தம் பதினோரு நாள் விடுப்பு எடுத்தவள். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் பணிமனைக்கும் எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிற மூன்று மாடிக் கட்டடம் அது. மூன்றாவது மாடியில் கடைசி அறை வேதியியல் லேப். அங்கே உதவியாளர் வேலை அவளுக்கு. கண்ணாடிக் குழாய் கழுவுவாள், பர்னருக்கு வாயு திறந்துவிடுவாள், அமிலப் புட்டிகளை நிரப்புவாள், உடைந்ததைப் பொறுக்குவாள், உடைத்தவனை உண்டு இல்லை என்று ஆக்குவாள். ஆள் ஒல்லி. குரல் மட்டும் இரண்டு ஆள் சைஸ்.

உப்பக்கா என்ற பெயர் எப்படி வந்தது என்றால், செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு சின்னப் புட்டியில் கொஞ்சம் பொடி கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். முகர்ந்து, சூடாக்கி, அமிலம் விட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். புட்டியில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண்ணில் எந்த உப்பு என்பது இரண்டே பேருக்குத் தெரியும். பாடம் நடத்துகிற ஆசிரியருக்கு. பொடியை அள்ளிப் போட்டு வைத்த இவளுக்கு.

அதனால் தேர்வு நாளில் பிள்ளைகள் புத்தகத்தை நம்புவதைவிட லேப் உதவியாளரின் முகத்தைத்தான் அதிகம் நம்புவார்கள். பக்கத்துப் பள்ளியில் உதவியாளர் தலையைச் சொறிந்தால் ஒரு உப்பு, காதைத் தொட்டால் இன்னொரு உப்பு. ஒரு வருஷம் அவருக்கு நிஜமாகவே தலை அரித்துவிட்டதாம், ஆறு பேர் ஒரே விடையை எழுதிவைத்தார்கள். இது ஊருக்கே தெரிந்த ரகசியம். ஒருவரும் தப்பாக நினைப்பதில்லை. சொல்லாதவரைத்தான் கல்நெஞ்சு என்பார்கள்.

உப்பக்கா கல்நெஞ்சுக்காரி.

"அக்கா, ஒரே ஒரு எழுத்து மட்டும் சொல்லுங்கக்கா."

"உன் மூக்கு எதுக்கு இருக்கு? முகர்ந்து பாரு. சளி பிடிச்சிருந்தா அடுத்த வருஷம் வா."

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பையன் விடையை எழுதிவிட்டு, அது சரிதானா என்ற பயத்தில் குழாயைக்கூடப் பிடிக்க முடியாமல் நின்றான். அவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் மேசையைத் துடைக்கிற சாக்கில், "படிகாரம்" என்று காதில் போட்டுவிட்டாள். அன்று காலையில்தான் ஆசிரியர் இரண்டு புட்டிகளை இடம் மாற்றி வைத்திருந்தார். அது இவளுக்குத் தெரியாது. பையன் தானாகவே சரியான விடையை எழுதியிருந்தான். அதை அடித்துவிட்டு இவள் சொன்னதை எழுதினான். தோற்றுப் போனான். அவன் அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றுகொண்டு, "என் புள்ளைக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்தவ யாரு? அவ முகத்தை நான் பாக்கணும்" என்று கேட்டபோது, இவள் லேப்பின் பின்னால் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வரவில்லை. அன்றைக்கு மூடிய வாய். உப்பு விஷயத்தில் மட்டும். மற்ற விஷயங்களுக்கு அந்த வாய் மூடியதாகச் சரித்திரம் இல்லை.

அவளுக்கு ஒரே மகள். கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகள் அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, அதே வேதியியல். பிள்ளைகள் அவளைச் சின்ன உப்பு என்று கூப்பிடுவார்கள். சேர்ந்த முதல் நாளே உப்பக்கா சொல்லிவிட்டாள்: "லேப்புக்குள்ள நான் உனக்கு அம்மா இல்ல. மத்தவங்க எப்படிக் கூப்பிடுறாங்களோ அப்படியே கூப்பிடு." மகளும் விட்டுக்கொடுக்கிற ரகமா? வீட்டிலும் இரண்டு நாள் அக்கா என்றே கூப்பிட்டு உயிரை வாங்கினாள்.

அரையாண்டுச் செய்முறைத் தேர்வு வந்தது. சீட்டுக் குலுக்கி எண் எடுத்ததில், லேப்பிலேயே முரட்டு உப்பு மகளுக்கு வந்தது. ஆசிரியர்களே புத்தகத்தை இரண்டு தரம் புரட்டிப் பார்க்கிற உப்பு அது. உப்பக்கா பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் தொட்டிப் பக்கம் போய், கழுவின குழாய்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மகள் கண்டுபிடித்துவிட்டாள். முழு மதிப்பெண். பள்ளியில் முதலிடம்.

அலுவலகப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட பலகை ஒன்று உண்டு. மேலே 'மாணவர் செய்திகள்' என்று எழுதியிருக்கும். யார் ஓட்டத்தில் ஜெயித்தார்கள், யார் படம் வரைந்து பரிசு வாங்கினார்கள், எந்த வகுப்பு மரம் நட்டது, எல்லாம் அதில் வரும். மாதக் கடைசியில் அதையே நாலு பக்கமாக அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்புவார்கள். அந்தப் பலகையில் மகளின் பெயர் ஏறியது. இந்த வருஷம் நகர அறிவியல் போட்டிக்குப் பள்ளியின் சார்பில் போகப்போவது இந்த மாணவிதான் என்றும் எழுதியிருந்தார்கள். காலைக் கூட்டத்தில் மைக்கில் வாசித்தார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆசிரியர்கள் அறையில் மட்டும் கைதட்டலுக்குப் பதில் இருமல் கேட்டது.

அன்று சாயங்காலம் உப்பக்கா ஒரு தப்புச் செய்தாள்.

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்: "ஏண்டி, உண்மையச் சொல்லு. யாராவது சொன்னாங்களா?"

"என்ன சொன்னாங்களா?"

"அந்த உப்பு. அது அவ்வளவு சுலபமாப் பிடிபடாதே. சார் ஏதாவது ஜாடை காட்டினாரா? என் நோட்டைக் கீட்டைப் பாத்தியா?"

மகள் கையிலிருந்த சட்டையை அப்படியே போட்டாள். "நீயுமா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மாவிடம் பேசவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், பள்ளிக்குப் போனாள், வந்தாள். பேச்சு மட்டும் கிடையாது. உப்பக்காவும் லேசுப்பட்டவளா? கேட்டது தப்பு என்று அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறந்து சொல்லவில்லை. தாயும் மகளும் கதவையும் பாத்திரத்தையும் வைத்தே பேசிக்கொண்டார்கள். கதவு படார் என்றால் பாத்திரம் டங்கென்று பதில் சொல்லும்.

மூன்றாம் நாள் மைக் வந்தார்.

மைக் என்பது பெற்றோர் சங்கத் தலைவர். எந்தக் கூட்டமானாலும் வாழ்த்துப் பாடி முடிவதற்குள் மைக்கைப் பிடுங்கிக்கொள்வார் என்பதால் அந்தப் பெயர். அவர் மகன் அரை மதிப்பெண் வித்தியாசத்தில் இரண்டாவது இடம். அந்தப் பையன் அப்பாவுக்கு நேர்மாறு. வருகைப் பதிவுக்குக்கூட கையைத்தான் தூக்குவான்.

தலைமையாசிரியர் அறையில் மைக் மேசையைத் தட்டிய சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. உப்பக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பொறுமை சார். தீப்பிடித்தாலும் "பொறுமை, பொறுமை" என்பார். பக்கத்தில் வேதியியல் ஆசிரியர், எப்போதும்போல மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு. லேப் வாடை ஆகாது அவருக்கு. கைக்குட்டை சார் என்றுதான் பெயர்.

"இந்தாம்மா, புட்டியில உப்புப் போட்டது யாரு?" என்றார் மைக்.

"நான்தான்."

"கண்டுபிடிச்சது யாரு?"

"என் மக."

"அவ்வளவுதான் சார். இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்? சமைச்சவளே பரிமாறி, அவ புள்ளையே சாப்பிட்டு, ருசி பிரமாதம்னு பலகையில வேற எழுதுறீங்க!"

"இருபத்திரண்டு வருஷம் சார்" என்றாள் உப்பக்கா. "ஒரு புள்ளைக்கு ஜாடை காட்டினேன்னு எவனாவது சொல்லட்டும். உங்க புள்ளையே வாயத் தொறந்தா சொல்லட்டும்."

"மத்த புள்ளைங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டே. அதான் எல்லாம் சேத்து வெச்சு ஒண்ணா சொல்லிட்டே."

"பொறுமை, பொறுமை" என்றார் தலைமையாசிரியர்.

உப்பக்கா கைக்குட்டை சாரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தாள். அவர் கைக்குட்டைக்குள்ளிருந்தே, "சந்தேகம்னு வந்துட்டா... தீர்த்துக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது" என்றார்.

முடிவானது இதுதான். சனிக்கிழமை மறுதேர்வு. முதல் இரண்டு இடத்துக்காரர்களுக்கு மட்டும். உப்பைப் பக்கத்துப் பள்ளியின் வேதியியல் டீச்சர் கொண்டு வருவார். உப்பக்கா மறு உத்தரவு வரும்வரை லேப்புக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். வாசிக்கத் தெரிந்தவள்தான் அவள்; இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இதுக்கு ஒரு நகல் எனக்கும் வேணும்" என்று வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் படியிறங்கி வரும்போதே கண்ணாடிப் பலகையைத் திறந்து மகளின் பெயர் இருந்த தாளை உருவிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கூட்டத்தில், சில காரணங்களால் அந்தச் செய்தி திரும்பப் பெறப்படுகிறது என்று மைக்கில் வாசித்தார்கள். என்ன காரணம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

அந்த வாரம் முழுக்க வராந்தாவில் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் காதைத் தொட்டுக் காட்டினார்கள், தலையைச் சொறிந்து காட்டினார்கள். "காதுல பூச்சி போயிடுச்சா? வா, அமிலம் விட்டு எடுக்கிறேன்" என்பாள். ஓடிவிடுவார்கள். ஆனால் வகுப்பறையில் மகளின் மேசையில் யாரோ பேனாவால் 'அம்மா சொன்ன உப்பு' என்று எழுதியிருந்தார்கள். உப்பக்கா ஈரத் துணி கொண்டுவந்து துடைத்தாள். மகள் வாசலில் நின்று பார்த்தாள். "விடு. நான் துடைச்சுக்கிறேன்" என்று துணியைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த வாரத்தில் அம்மாவிடம் அவள் பேசியது அந்த மூன்று வார்த்தைதான்.

சனிக்கிழமை வந்தது. லேப்பில் நாலு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். பக்கத்துப் பள்ளி டீச்சர் பளிச்சென்ற பையிலிருந்து இரண்டு புட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரே பொடி. ரகசியம் கசியக் கூடாதென்று தன் உதவியாளரைக்கூடத் தொடவிடாமல் தானே அள்ளிப் போட்டதாகப் பெருமையோடு சொன்னார். விடை எழுதிய உறை தலைமையாசிரியர் சட்டைப் பையில்.

உப்பக்கா வாசலுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டாள். மைக் முறைத்தார். "அங்கிருந்து முகத்தக் காட்டினாலும் ஜாடைதான்."

"அப்படியா?" என்று ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, லேப்புக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். "முதுகால பேசுற வித்தை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, துணியப் போட்டு மூடிக்கிறேன்."

கண்தான் சுவரைப் பார்த்தது. மூக்கை யார் கட்டுவது? உள்ளே புட்டியைத் திறந்ததுமே சுருக்கென்று ஒரு வாடை வாசல் வரைக்கும் வந்தது. உப்பக்கா நிமிர்ந்தாள். அது நவச்சாரத்தோடு சேர்ந்த வாடை. ஆனால் நவச்சாரம் சும்மா இருந்தால் மணக்காது. எதையாவது சேர்த்தால்தான் அந்த வாடை எழும்பும். இன்னும் ஒன்றுமே சேர்க்கவில்லையே! அப்படியென்றால் இந்தப் புட்டியில் வேறு எதுவோ கலந்திருக்கிறது. அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருக்கிற நாலு பெரியவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை என்பதும் புரிந்துவிட்டது. சொன்னால் மகள் தோற்றாள். சொல்லாவிட்டாலும் தோற்கலாம். ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை.

உள்ளே பர்னர் எரிகிற சத்தம். குழாய் மோதுகிற சத்தம். ஒருமுறை மகளின் நடை நின்றுபோனது. பிறகு தண்ணீர் ஓடியது. எல்லாவற்றையும் கழுவிவிட்டு, முதலிலிருந்து திரும்பச் செய்கிறாள் என்று இவளுக்குத் தெரிந்தது.

ஒரு மணி நேரம் முடிந்தது. உறையைப் பிரித்தார்கள். விடை: நவச்சாரம். மைக் மகன் எழுதியிருந்தது: நவச்சாரம். மகள் எழுதியிருந்தது: ஒன்று இல்லை, இரண்டு. நவச்சாரமும், கூடவே கொஞ்சம் சலவைச் சோடாவும்.

மைக் சிரித்த சிரிப்பு கீழே பணிமனையில் கேட்டிருக்கும். "பாத்தீங்களா! அம்மா ஜாடை காட்டலேன்னா ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"இருக்கிறதத்தான் எழுதினேன்" என்றாள் மகள். "அமிலம் விட்டா நுரைக்குது. வெறும் நவச்சாரம் நுரைக்காது. ரெண்டு தடவை செஞ்சு பாத்தேன்."

"நான் என் கையாலதானேம்மா போட்டேன்" என்றார் பக்கத்துப் பள்ளி டீச்சர், கொஞ்சம் கோபமாக. "கொண்டுவந்த எனக்குத் தெரியாதா?"

"பொறுமை" என்றார் தலைமையாசிரியர். "விடைன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒத்துப்போறவங்களுக்குத்தான்..."

உப்பக்கா ஸ்டூலைத் திருப்பினாள். எழுந்து வாசற்படி வரைக்கும் வந்தாள். அதைத் தாண்டவில்லை.

"சார், உறையில இருக்கிறது மனுஷங்க எழுதினது. புட்டியில என்ன இருக்குன்னு பாருங்க. அதோ வேதியியல் சார் நிக்கிறாரு. புட்டியில இன்னும் பொடி இருக்கு. அவரே ஒரு சொட்டு அமிலம் விடட்டும்."

எல்லாரும் கைக்குட்டை சாரைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. மேசைக்கு வந்தார். புட்டியைத் திறந்தார். உடனே மூடினார். எதிரே வரிசையாக இருந்த அமிலப் புட்டிகளைப் பார்த்தார். எதை எடுப்பது, எந்தக் கரண்டி, எவ்வளவு? இருபது வருஷமாகக் கரும்பலகையில்தான் அவர் அமிலம் விட்டிருக்கிறார். மேசையில் விட்டதெல்லாம் இவள். பழக்கதோஷத்தில் கையை மட்டும் பின்னால் நீட்டி, "அக்கா, அந்த இதைக் கொஞ்சம் எடுங்க" என்றார்.

"வர முடியாது சார். உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கீங்க. நகல் இடுப்புல இருக்கு, காட்டவா?"

அவர் ஒரு புட்டியை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். கைக்குட்டை கீழே விழுந்தது. பக்கத்துப் பள்ளி டீச்சர் குனிந்து தன் பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

அப்போது மைக் மகன் நகர்ந்து வந்தான். சரியான புட்டியை எடுத்தான். குழாயில் கொஞ்சம் பொடி போட்டு ஒரு சொட்டு விட்டான். சுர்ரென்று நுரைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குக்கூடத் தெரிந்தது.

"எனக்கும் நுரைச்சுது சார்" என்றான். எல்லாரும் முதல் தடவையாக அவன் குரலைக் கேட்டார்கள். "சேத்து எழுதினா தப்புன்னு போட்டுடுவாங்களோன்னு விட்டுட்டேன். அவங்க எழுதினதுதான் சரி."

"டேய்!" என்றார் மைக்.

"இருக்கிறதச் சொன்னேன்பா."

பக்கத்துப் பள்ளி டீச்சர் நெற்றியைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். முந்தின வகுப்புக்காகச் சோடா அள்ளின கரண்டியாலேயே நவச்சாரத்தையும் அள்ளியிருந்தார். ஈரம் இருந்தது. துடைத்ததாகத்தான் ஞாபகம். உதவியாளர் இருந்திருந்தால் ஒவ்வொரு ஜாடிக்கும் தனிக் கரண்டி போட்டிருப்பார். தனக்கு அந்தப் பழக்கம் தெரியாது.

உப்பக்கா ஒரு பெருமூச்சுக்கூட விடவில்லை. "சரி சார்" என்றாள் தலைமையாசிரியரிடம். "பேரை எப்போ வாசிக்கிறீங்க?"

"தாளை மறுபடி பலகையில வெச்சிடலாம்மா. போட்டிக்கும் அவளே போகட்டும். முடிஞ்சுது."

"எடுத்ததை மைக்ல சொன்னீங்க. வெச்சதையும் மைக்ல சொல்லுங்க. எதுக்கு எடுத்தீங்க, எதுக்கு வெச்சீங்கன்னு."

"அதெல்லாம் எதுக்கு? பொறுமையா யோசிச்சுப் பாரு. பள்ளிக்கூடத்துப் பேரு..."

"உங்க பள்ளிக்கூடத்துப் பேரு பலகை நிறைய இருக்கு. என் புள்ளைக்கு ஒரே ஒரு பேருதான்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இவள் வாயாடி, இரண்டு நாளில் ஆறிவிடுவாள் என்று நினைத்தார்.

திங்கட்கிழமை உப்பக்கா சரியான நேரத்துக்கு வந்தாள், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள், லேப் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே போகவில்லை. மறு உத்தரவு வரவில்லையே! தாளில் அப்படித்தானே எழுதியிருக்கிறது. முதல் வகுப்பு வந்தது. பர்னருக்கு வாயு எந்தப் பக்கம் திறப்பது என்று கைக்குட்டை சாருக்குத் தெரியவில்லை. கரும்பலகையில் படம் போட்டார். இரண்டாம் வகுப்பில் அமிலம் தீர்ந்தது. மூன்றாம் வகுப்பில் கழுவின குழாய் தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை தொட்டியில் அழுக்குக் குழாய் மலையாகக் குவிந்து, ஒரு கெட்ட வாடை மாடிப்படி இறங்கி வந்து அலுவலகத்தை விசாரித்தது. "அக்கா, உள்ள வாங்களேன்" என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். "உத்தரவு கொண்டு வா" என்றாள். கைக்குட்டை சார் வந்து, "எனக்காகவாவது" என்று இழுத்தார். "உங்களுக்காகவா?" என்று அவள் கேட்ட கேள்வியில் அவர் வந்த வழியே திரும்பிப் போனார்.

புதன்கிழமை காலைக் கூட்டத்தில், ஓட்டப் பந்தயச் செய்தி, ஓவியச் செய்தி எல்லாம் வாசித்து முடித்த பிறகு, தலைமையாசிரியர் ஒலிபெருக்கி முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். தாளைப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் மென்றார்: மறுதேர்வு, மாணவி, சந்தேகம் தவறு, முதலிடம், வருத்தம். என்னென்னவோ வந்தது. ஒன்றும் ஒட்டவில்லை.

மூன்றாவது மாடி லேப் வாசலிலிருந்து, கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தபடி, உப்பக்கா ஒரு குரல் விட்டாள்.

"சார்! கேக்கல!"

ஆயிரத்து இருநூறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு தலைமையாசிரியருக்கு வேறு வழியே இல்லை. வார்த்தை வார்த்தையாக, அழுத்தம் திருத்தமாக வாசித்தார். மாணவி எந்த உதவியும் பெறவில்லை. சந்தேகப்பட்டது பள்ளியின் தவறு. முதலிடம் அவளுடையது. போட்டிக்குப் போவதும் அவளே. லேப் உதவியாளர் மீதிருந்த தடை நீக்கப்படுகிறது. இந்த முறை பணிமனையில் வேலை செய்கிறவர்களுக்குக்கூடக் கேட்டது.

உப்பக்கா ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முதல் வேலையாக ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "எந்த நாய்டா இங்க பிப்பெட் குழாயை உடைச்சது?" என்று கத்தினாள். பள்ளி பழையபடி ஆகிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

வகுப்புக்குப் போகிற வழியில் மகள் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எதுக்கு அப்படிக் கத்தின? எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"உன்னைப் பாத்தா சிரிக்கிறாங்க? அவரைப் பாத்துடி." உப்பக்கா குழாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தபடி வாய்க்குள்ளே சொன்னாள்: "அன்னைக்கு நான் உன்னைக் கேட்டது தப்பு."

மகள் புத்தகப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"கேக்கல" என்றாள்.

உப்பக்கா திரும்பினாள். வராந்தாவில் பன்னிரண்டாம் வகுப்பு மொத்தமும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. கைக்குட்டை சார் வேறு வந்துகொண்டிருந்தார். மகள் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். பெற்றவளின் பிடிவாதம் அப்படியே அச்சில் வார்த்த மாதிரி.

"உன்னைச் சந்தேகப்பட்டது தப்புடி!" என்று உப்பக்கா போட்ட சத்தத்தில் வராந்தா மொத்தமும் நின்றுபோனது. "போதுமா? கேட்டுச்சா? மணி அடிச்சுடுச்சு, வகுப்புக்குப் போ. நின்னு வேடிக்கை பாக்குறவங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா?"